150 பேர் வேலை செய்யும் இடத்தில் சங்கம்: கொம்பனி பேச மறுக்கலாமா?

கிராண்ட்பாஸ் பிள்ளை எழுதியது:

வணக்கம். பேலியகொடைப் பக்கம் உணவுப் பொருட்கள் பெக்கிங் செய்யும் ஒரு தனியார் கொம்பனியில் வேலை செய்கிறேன். நிரந்தர ஆட்கள் 150 பேர் அளவில் இருக்கிறோம், பெக்கிங்கில் மட்டும் 100 பேர். மேன்பவர் ஏஜென்சி மூலம் வருகிறவர்கள் இன்னும் 40 பேர் இருப்பார்கள். தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லாரும் கலந்துதான்.

ஓ.டி. மணித்தியாலங்கள் மாதாமாதம் குறைத்துப் போடப்படுகின்றன. கேட்டால் சிஸ்டம் பிழை என்கிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து போகும் பெண்களுக்கு விட்டிருந்த வேனையும் போன வருடம் நிறுத்திவிட்டார்கள். ஊழியர் சபை என்று ஒன்று இருக்கிறது. கூட்டத்தைக் கூட்டுவதும் எச்.ஆர்., என்ன கதைப்பது என்று முடிவு செய்வதும் எச்.ஆர்.

சங்கம் தொடங்குவோம் என்று ஓர் அக்கா சாப்பாட்டு அறையில் கதைத்தார். அடுத்த கிழமையே அவரை லைனில் இருந்து எடுத்துக் குளிர் அறையில் போட்டுவிட்டார்கள். சபை இருக்கிற இடத்தில் சங்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, சேர்ந்தால் போனஸும் இல்லை என்று சுப்பர்வைசர் எங்களிடம் சொன்னார்.

எத்தனை பேர் இருந்தால் தொடங்கலாம்? தொடங்கினால் கொம்பனி எங்களோடு பேசியே ஆக வேண்டுமா? அந்த அக்காவை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வத்தளைக்காரன்:

7 பேர் போதும் தங்கச்சி. 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டப்படி நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் பதிவு செய்யலாம். சங்கம் அமைப்பதும் சேர்வதும் அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரையிலேயே இருக்கிற உரிமை. சபை இருப்பதால் சங்கம் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சங்கம் தொடங்கியாயிற்று, எங்களோடு பேசுங்கள் என்று பயப்படாமல் நாளைக்கே கொம்பனிக்குக் கடிதத்தைக் கொடுங்கள்.

கொட்டாஞ்சேனை பழைய கிளைச் செயலாளர்:

மகள், தம்பி சொன்ன 7 சரி. ஆனால் நாளைக்குக் கடிதம் கொடுக்க வேண்டாம். நான் மட்டக்குளியில் ஒரு ஸ்டோர்ஸில் நீண்ட காலம் கிளைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 7 பேர் இருந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம், அவ்வளவுதான். கொம்பனியை மேசைக்குக் கொண்டுவருவதற்கு வேறு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்காமல் பத்துப் பதினைந்து பேரோடு கடிதம் கொடுத்து, பெயர்கள் வெளியே வந்ததும் ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் தலைவரும் செயலாளரும் மட்டும் மிஞ்சிய கிளைகளைப் பார்த்திருக்கிறேன்.

1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தை 1999 இல் திருத்தியபோது, நியாயமற்ற தொழில் நடைமுறைகள் பற்றி ஒரு புதிய பிரிவைச் சேர்த்தார்கள். சங்கத்தில் சேராமல் இருக்க ஆசை காட்டுவது, சேர்ந்ததற்காக வேலையை விட்டு நீக்குவது, சங்க வேலையில் தலையிடுவது எல்லாம் அதில் குற்றம். போனஸ் பற்றி உங்கள் சுப்பர்வைசர் சொன்னது இதற்குள்தான் வருகிறது. எந்தத் தொழிலாளர்களுக்காகச் சங்கம் பேச வருகிறதோ, அவர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் அங்கத்தவர்களாக இருந்தால், முதலாளி பேச மறுக்க முடியாது. அதுவும் அதே பிரிவில் இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டே வேலைநிறுத்தம் செய்ய வேண்டி வந்தது.

உங்கள் இடத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 150 பேருக்காகவும் பேசுவதென்றால் 60 பேர் வேண்டும். பெக்கிங் ஆட்களுக்காக மட்டும் என்றால் 40 பேர். ஆனால் அந்தக் கோட்டோடு நின்றுவிடக் கூடாது. உங்களிடம் அத்தனை பேர் இல்லை என்று கொம்பனி சொன்னால், தொழில் திணைக்களம் வந்து இரகசிய வாக்கெடுப்பு வைக்கும். கடிதம் கொடுத்த நாளுக்கும் அந்த வாக்கெடுப்புக்கும் இடையில்தான் எல்லாம் நடக்கும். ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிடுவார்கள். ஒருவருக்குப் பதவி உயர்வு, இன்னொருவருக்கு எச்சரிக்கைக் கடிதம். 60 பேரோடு போனால் அந்த நேரத்தில் 45 ஆகிவிடும். 90 பேர் சேரும்வரை வெளியே காட்ட வேண்டாம் என்பது என் எண்ணம்.

சந்தாவையும் கையில் வாங்கி ரசீது கொடுங்கள். சம்பளத்தில் வெட்டச் சொன்னால் முழுப் பட்டியலும் அன்றைக்கே எச்.ஆர். மேசைக்குப் போய்விடும். அங்கத்துவத்தை யாராவது கேள்வி கேட்டால் அந்த ரசீதுப் புத்தகம்தான் உங்கள் சாட்சி.

தனிச் சங்கமா, பெரிய சங்கத்தின் கிளையா என்றால் நான் கிளை என்றுதான் சொல்வேன். கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் பெரிய சங்கத்தின் ஆள், அவரைக் கொம்பனியால் குளிர் அறைக்கு மாற்ற முடியாது, அதுதான் பெரிய வித்தியாசம். எங்கள் சிலோன் மேர்க்கன்டைல் யூனியன் 1928 இல் கொழும்புக் கந்தோர்களின் எழுதுவினைஞர்கள் தொடங்கியது. பாலா தம்பு ஐயா 1948 முதல் 2014 இல் காலமாகும் வரை அதன் பொதுச் செயலாளர். 1947 வேலைநிறுத்தத்தில் நின்றதற்காக அரசாங்க வேலையை இழந்த மனிதர். அவர் மேசையில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் குரல் தாழும். அப்படியொருவர் நமக்காகப் பேசும்போது லைனில் நிற்கிற பிள்ளைக்கு எவ்வளவு தெம்பு வரும் என்பதை நான் கண்ணால் கண்டவன். அதே சங்கத்தில்தான் சேர வேண்டும் என்று சொல்லவில்லை. பதிவான, கணக்குக் காட்டுகிற, உங்கள் ஆட்களை எந்தக் கட்சி ஊர்வலத்துக்கும் லொறியில் ஏற்றாத சங்கமாகப் பாருங்கள்.

அக்காவின் விஷயத்தைத் தள்ளிப் போட வேண்டாம். இடமாற்றத்துக்குக் காரணம் கேட்டு இன்றைக்கே ஒரு கடிதம் எழுதி, பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கட்டும். தர மறுத்தால் பதிவுத் தபால். அவரை நிறுத்திவிட்டால் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும். அவர் அங்கத்தவர் என்றால் அவருக்காகச் சங்கமே மனுப் போடலாம். வேலையைத் திரும்பக் கொடு என்றும், நட்டஈடு கொடு என்றும் உத்தரவிட அந்தச் சபைக்கு அதிகாரம் உண்டு. நான் முதலில் சொன்ன நியாயமற்ற நடைமுறைக்கு மட்டும் நீங்களோ சங்கமோ நேரடியாக வழக்குப் போட முடியாது. நீதவான் நீதிமன்றத்துக்கு அதைக் கொண்டுபோவது திணைக்களத்தின் கையில்தான் இருக்கிறது. எத்தனை வருடமாக இதை மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! அதனால்தான் திகதி, நேரம், யார் சொன்னது, பக்கத்தில் யார் நின்றது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

பம்பலப்பிட்டி எச்.ஆர்.:

நான் முதலாளிகள் பக்கத்தில் வேலை செய்கிறவள். ஐயா சொன்ன சட்டம் அத்தனையும் சரி. ஓ.டி. பிரச்சினைக்குச் சங்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சம்பளத் துண்டுகளை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம், அதிகாரி கொம்பனியின் பதிவேட்டை வரவழைத்துப் பார்ப்பார்.

சங்கமும் கொம்பனியும் சம்பளம், வேலை நிபந்தனைகள் பற்றிப் பேசி எழுதும் கூட்டு ஒப்பந்தம் என்றால் பல முகாமையாளர்கள் பயப்படுகிறார்கள். அது அவர்களுக்கும் நல்லது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். ஒப்பந்தம் அமுலில் இருக்கும்போது அதன் நிபந்தனைகளை மாற்றச் சொல்லி வேலைநிறுத்தம் செய்யச் சட்டம் இடம் தராது. இரண்டு, மூன்று வருடத்துக்குச் சம்பளச் செலவு முன்கூட்டியே தெரியும். இலங்கை முதலாளிமார் சம்மேளனம் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1929 இல், அந்தக் காலத் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கக் காங்கிரஸோடு. அதே வருடம்தான் கொழும்பில் ட்ராம் வேலைநிறுத்தம், மருதானையில் துப்பாக்கிச்சூடு. அவ்வளவு நடந்த பிறகும் இரு தரப்பும் உட்கார்ந்து எழுதினார்கள். கேட்பதைக் கணக்கோடு எழுத்தில் கொடுங்கள் என்பதுதான் உங்களுக்கு என் வேண்டுகோள். பொதுவாக "சம்பளம் போதாது" என்று வந்தால் என்னைப் போன்றவர்கள் மேலிடத்தில் எடுத்துப் பேச எதுவும் இருக்காது.

கிராண்ட்பாஸ் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. அக்கா கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார். இன்னும் சில கேள்விகள். மேன்பவர் ஆட்களையும் 40 சதவீதத்தில் எண்ணலாமா? ஒப்பந்தம் வந்தால் சங்கத்தில் சேராதவர்களுக்கும் கிடைக்குமா? அப்புறம், எங்கள் வட்ஸ்அப் குழுவில் சபை உறுப்பினர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை பழைய கிளைச் செயலாளர்:

அந்தக் குழுவில் சங்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள். நேரில் சந்தியுங்கள், கொம்பனி வாசலுக்கு வெளியே, வேலை நேரத்துக்கு வெளியே.

மேன்பவர் ஆட்களின் சம்பளம் ஏஜென்சியிடமிருந்து வருகிறது. அவர்கள் எங்கள் ஊழியர்களே இல்லை என்றுதான் கொம்பனி வாதாடும். எண்ணிக்கையை நிரந்தர ஆட்களை மட்டும் வைத்துக் கட்டுங்கள். ஆனால் அவர்களைக் கைவிடாதீர்கள். நீங்கள் மறியலில் நிற்கிற அன்றைக்கு லைனை ஓட்டுவதற்கு அவர்களைத்தான் கொண்டுவருவார்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, தொழில் ஆணையாளருக்குப் போய், வர்த்தமானியில் வந்துவிட்டால் அதன் நிபந்தனைகள் ஒவ்வொருவருடைய வேலை ஒப்பந்தத்திலும் அடக்கம். அதே தொழிலில் வேலை செய்கிற, சங்கத்தில் சேராதவர்களுக்கும் அதைவிடக் குறைந்த நிபந்தனை கொடுக்க முடியாது, ஒப்பந்தத்திலேயே வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய. சேராமலே கிடைக்குமே என்று சிலர் ஒதுங்கி நிற்பார்கள். கோபப்படாமல், 40 சதவீதம் இல்லாவிட்டால் அந்த ஒப்பந்தமே வராது என்று விளக்குங்கள்.

சங்கத்தை நடத்துகிற குழுவில் மூன்று சமூகத்தவரும் இருக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவர் சிங்களத்தில் சொன்னால் இன்னொருவர் தமிழில் சொல்லட்டும். திணைக்களத்தில் இருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் தமிழிலும் கேளுங்கள், தமிழும் அரச கரும மொழிதான். தமிழ் ஆட்களின் சங்கம் என்று ஒரு கதை கிளம்பினால் 90 பேரை ஒருநாளும் சேர்க்க முடியாது.

வேனை முதல் கோரிக்கையாக வையுங்கள். ஓ.டி. ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். இரவு ஷிப்ட் பெண்கள் எல்லாருக்கும் வேன் வேண்டும், வீட்டில் காத்திருக்கிற தாய் தகப்பனுக்கும் அது வேண்டும். எந்த ஷிப்டில் எத்தனை பேர், எந்தப் பாதை, முன்பு எப்போது வரை ஓடியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு வீடு வீடாகப் போனால் அங்கத்துவப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது கஷ்டமாக இருக்காது.