முத்திரை உள்ள பழைய டயரா, முத்திரை இல்லாத புதிய டயரா? 911 கரேரா எஸ் காருக்கு ஒரு விவாதம்

பின்னெஞ்சின்:

என்னுடையது 2013ஆம் ஆண்டு போர்ஷே 911 கரேரா எஸ், 991 தலைமுறை. டயர் அளவு முன்னால் 245/35 இசட்.ஆர் 20, பின்னால் 295/30 இசட்.ஆர் 20. சென்ற வாரம் காரை லிஃப்டில் ஏற்றிப் பின்சக்கரங்களின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தேன். வெளியே நின்று குனிந்து பார்த்தபோது பட்டன் நன்றாக இருப்பதாகத் தெரிந்த அதே டயர், உள்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டையாகிக் கிடந்தது. ஒரு திசையில் தடவினால் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் தடவினால் அரம் போலவும் இருந்தது. நடுவில் 4 மி.மீ. ஆழம் மிச்சமிருக்க, உள்விளிம்பில் 1.5 மி.மீ. கூட இல்லை. முன்டயர்களில் இன்னும் 5 மி.மீ. இருக்கிறது.

கடைக்காரர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, போர்ஷேயின் 'என்' முத்திரை உள்ள டயர். ஆனால் அது முந்தைய தலைமுறை வடிவமைப்பு, கையிருப்பில் இருப்பதும் தயாரித்து இரண்டு ஆண்டுகள் ஆனது. மற்றொன்று, அதே நிறுவனத்தின் புதிய தலைமுறை டயர். இந்த அளவில் அதற்கு முத்திரை கிடையாது. நான் காரைப் பெரும்பாலும் சாலையில்தான் ஓட்டுகிறேன், மழையிலும் ஓட்டுகிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு நாள் பந்தயத் தடத்துக்கும் எடுத்துப் போகிறேன். எதை வாங்குவது, இரண்டு போதுமா, நான்கும் மாற்ற வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

நேர்க்கோடு:

முத்திரை உள்ளதையே வாங்குங்கள். பக்கச்சுவரில் 'என்' எழுத்தும் அதையடுத்து ஓர் எண்ணும் இருந்தால், அந்த டயரை போர்ஷேயின் பொறியாளர்கள் தங்கள் கார்களிலேயே பூட்டி, அதிவேகத்திலும் ஈரத் தரையிலும் ஓட்டிப் பார்த்து ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். முதல் அங்கீகாரத்துக்கு என்0 என்பார்கள். அதே டயரைத் திருத்தி மறுபடியும் தேறச் செய்தால் என்1, அடுத்தது என்2. பிஎம்டபிள்யூவின் நட்சத்திரக் குறியும் மெர்சிடிஸின் 'எம்.ஓ' எழுத்துகளும் இதே வகைதான். கடையில் அதே பெயரில் விற்கும் சாதாரண டயருக்கும் முத்திரை டயருக்கும் ரப்பர் கலவையிலும் உள்கட்டமைப்பிலும் வேறுபாடு இருக்கலாம். பெயர் ஒன்று என்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

உங்கள் காரின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரங்களின் மேல் இருக்கிறது. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வாலைத் தூக்கிப் போடாமல் இருப்பதற்குப் பின்டயரின் பக்கச்சுவர் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதும் ஒரு காரணம். வண்டியின் நிலைப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளும் ஏ.பி.எஸ்ஸும் அந்த விறைப்பை நம்பித்தான் சீரமைக்கப்பட்டிருக்கின்றன. அதை விட்டுவிட்டு வேறு டயரைப் பூட்டினால் காரின் ஒரு பாகத்தையே மாற்றியதற்குச் சமம்.

ஈரத்தடம்:

நேர்க்கோடு அவர்கள் முத்திரையின் பொருளைச் சரியாகச் சொன்னார்கள், ஆனால் அது எந்தத் தேதியில் இடப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டார்கள். கார் புதிதாக விற்ற நாளில் கிடைத்த டயர்களுள் சிறந்தவற்றுக்கு அந்த முத்திரை கிடைத்தது. அதற்குப் பிறகு ரப்பர் வேதியியல் அங்கேயே நின்றுவிடவில்லை. மிஷலின் பைலட் சூப்பர் ஸ்போர்ட் 2011ஆம் ஆண்டுக் காலத்து டயர். அதன் இடத்துக்கு 2017இல் வந்த பைலட் ஸ்போர்ட் 4 எஸ் டயரை இரண்டு மழைக்காலம் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஈரத்தில் பிரேக் போடும்போது கிடைக்கும் நம்பிக்கை வேறு தரத்தில் இருக்கிறது.

கேள்வி கேட்டவர் மழையில் ஓட்டுவதாகச் சொல்கிறார். அவர் மொட்டை உள்விளிம்போடு இத்தனை நாள் ஓட்டியதை நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது. 1963இல் நாசாவில் ஹார்ன், ட்ரெஹர் என்ற இருவர் விமானச் சக்கரங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வின் வழியே ஒரு கணக்கு புழக்கத்துக்கு வந்தது. டயரின் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ. அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால், தேங்கிய நீரின் மேல் டயர் முழுவதுமாக மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு மைல் கணக்கில் கிடைக்கும். 36 பி.எஸ்.ஐ. என்றால் 62 மைல், அதாவது மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர். நீரை வெளியே தள்ளப் பட்டன் இல்லாத நிலைக்கான கணக்கு இது. பட்டன் ஆழமாக இருந்தால்தான் அந்த வேகம் மேலே போகும். 295 மி.மீ. அகலமுள்ள டயர் மெல்லிய டயரைக் காட்டிலும் மிக அதிகமான நீரை வழியிலிருந்து தள்ள வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகவே ஈரத்தில் எந்த டயர் சிறந்தது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நேர்க்கோடு:

ஈரத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் முத்திரை இல்லாத டயரை எடுப்பவர்கள் பார்க்கத் தவறும் எழுத்துகள் சில உண்டு. இந்தக் காரின் பின்டயருக்குச் சுமைக் குறியீடு 101, அதாவது ஒரு டயருக்கு 825 கிலோ. வேகக் குறியீடு 'ஒய்' என்றால் மணிக்கு 300 கி.மீ. வரை; அதே எழுத்து அடைப்புக்குறிக்குள் இருந்தால் அதற்கு மேலும் தாங்கும். கியர் மாற்றக் கைநெம்புகோல் உள்ள கரேரா எஸ் மணிக்கு 304 கி.மீ. போகும் கார். அந்த 825 கிலோ எல்லா வேகத்துக்கும் பொருந்தாது: ஒய் டயர் 270 கி.மீ. வரைதான் முழுச் சுமையையும் தாங்கும், 300 கி.மீ. வேகத்தில் அதில் 85 விழுக்காடே கணக்கு. 'டபிள்யூ' குறியீடு கொண்ட டயருக்கு இந்தக் குறைப்பு 240 கி.மீ.யைத் தாண்டியதுமே தொடங்கிவிடும். விலை குறைவு என்று சுமைக் குறியீட்டில் ஓரிரு எண் கீழே இறங்குபவர்கள் எதில் கைவைக்கிறோம் என்று அறியாமலே செய்கிறார்கள்.

மூன்றாம் வளைவு:

தடத்துக்கும் போகிறார் என்பதை இருவருமே மறந்துவிட்டீர்கள். மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 பூட்டலாமே? சாலையில் ஓட்ட அனுமதி பெற்ற டயர்தான். 718 கேமன் ஜிடி4 போன்ற கார்கள் தொழிற்சாலையிலிருந்து அதைப் பூட்டிக்கொண்டுதான் வந்தன. சாதாரணச் சாலை டயரைத் தடத்தில் நான்கு சுற்று விரட்டினால் பட்டன் கட்டைகள் சூட்டில் குழைந்து, ஸ்டியரிங் கஞ்சியில் கைவிட்டதுபோல் ஆகிவிடும், வெளித்தோளும் பிய்ந்து வரும். கப் 2 அந்தச் சூட்டில்தான் வேலையைத் தொடங்கும். ஆண்டுக்கு நான்கு நாள் என்றாலும் காரின் எல்லையைத் தொடுவது அந்த நான்கு நாளில்தான். அந்த நாளுக்கான டயரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஈரத்தடம்:

இதில் நான் முற்றிலும் மாறுபடுகிறேன். எல்லையைத் தொடும் அந்த நான்கு நாளில் ஹெல்மெட் உண்டு, தடத்துக்கு வெளியே அகலமான மண்பரப்பு உண்டு, எதிரே யாரும் வருவதில்லை. மீதி நாட்களில், குளிர்ந்த காலையில், டயர் சூடேறாத முதல் ஐந்து கிலோமீட்டரில், எதிர்பாராத ஓர் இடத்தில் பிரேக்கை மிதிக்க வேண்டி வரும்போதுதான் டயருக்கு உண்மையான தேர்வு.

நான் கப் 2 வைத்திருந்தேன். ஓர் இலையுதிர்காலக் காலையில், வெப்பநிலை 5 டிகிரி, சாலை லேசான ஈரம். மூன்றாவது கியரில் மெதுவாகத்தான் மிதித்தேன், வேகம் 60கூட இல்லை. பின்பக்கம் சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்தது. வழக்கமாகப் பிடிப்பு விடுபடும் முன் டயர் ஒரு முனகலாவது கொடுக்கும். அன்று அதுவும் இல்லை. நிலைப்புக் கட்டுப்பாட்டு விளக்கு மினுங்கியபோதுதான் என்ன நடந்தது என்று புரிந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநேரம் கை நடுங்கியது. கோடை டயர்கள் பொதுவாக 7 டிகிரிக்குக் கீழே பிடிப்பை இழக்கத் தொடங்கும், இந்த அரைப்பந்தய வகை அதில் இன்னும் மோசம். மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே ரப்பரில் விரிசல் விழலாம் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். புதிதாக இருக்கும்போதே பட்டன் ஆழமும் குறைவு, ஆகவே தேங்கிய நீரில் சீக்கிரமே கைவிடும்.

தேய்மானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கத் தேய்மான எண்ணில் (எண் கூடினால் டயர் அதிக நாள் உழைக்கும்) பைலட் ஸ்போர்ட் 4 எஸ் 300, கப் 2 180. இந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்து இடுவதால் வேறு வேறு நிறுவனங்களுக்கிடையே ஒப்பிடப் பயன்படாது, ஆனால் ஒரே நிறுவனத்தின் இரு டயர்களுக்கிடையே ஒரு மதிப்பீடாவது தரும்.

மூன்றாம் வளைவு:

குளிரில் ஓட்டுபவருக்கு கப் 2 சரியில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் தடத்துக்கென்று தனியாக ஒரு செட் ரிம் வாங்கி அதில் கப் 2 பூட்டிக்கொள்வதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. சாலை டயரைத் தடத்தில் தேய்த்துவிட்டு அதே டயரில் மழையில் வீடு திரும்புவதுதான் உண்மையில் ஆபத்து.

பழைய ரப்பர்:

பட்டன் ஆழத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம். வயதை யாரும் கேட்கவில்லை. பின்னெஞ்சின், உங்கள் முன்டயர்களின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பிறகு வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும், காருக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஸ்போர்ட்ஸ் கார்கள் கொட்டகையில் நிற்கும் நேரமே அதிகம். ஆகவே பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கெட்டிப்பட்டுவிடுகிறது, கண்ணுக்கு அது தெரிவதில்லை. 2013 நவம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு போர்ஷே கரேரா ஜிடி விபத்துக்குள்ளாகி நடிகர் பால் வாக்கரும் காரை ஓட்டிய அவருடைய நண்பரும் இறந்தார்கள். அளவுக்கு மிஞ்சிய வேகமே காரணம் என்று விசாரணை அதிகாரிகள் அடுத்த ஆண்டு அறிவித்தார்கள். ஆனால் அந்தக் காரின் டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை என்பதையும், அந்த வயது காரின் கையாளுமையைப் பாதித்திருக்கக்கூடும் என்பதையும் பதிவு செய்தார்கள். வேகத்தின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. மன்னிக்கும் தன்மை குறைந்த ஒரு காரில் கெட்டிப்பட்ட ரப்பர், தவறைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நொடியையும் பிடுங்கிக்கொள்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட டயரில் ஓட்டக் கூடாது என்பது போர்ஷேயின் அறிவுரை.

பின்னெஞ்சின்:

படுத்துப் பார்த்தேன். முன்டயர்களில் 3519 என்று இருக்கிறது, 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். நகத்தால் அழுத்தினால் பள்ளமே விழவில்லை. பட்டன் கட்டைகளின் அடியில் தலைமுடி அளவு மெல்லிய வெடிப்புகளும் தெரிகின்றன. 5 மி.மீ. இருக்கிறதே, தூக்கி எறிவதா என்று மனம் கேட்கத்தான் செய்கிறது.

நேர்க்கோடு:

வயது இப்படி என்றால் தயங்க வேண்டாம், நான்கையும் மாற்றுங்கள். பின்னால் புதிய பிடிப்பும் முன்னால் கெட்டிப்பட்ட ரப்பரும் இருந்தால் கார் வளைவில் திரும்ப மறுத்து நேராகத் தள்ளிக்கொண்டு போகும். அதற்கு எதிர்மாறாக முன்னால் மட்டும் புதிதாக இருப்பதைவிட அது ஆபத்துக் குறைவு என்றாலும், மழையில் உங்களுக்குப் பழக்கமான கார் அதுவாக இருக்காது.

நான்கும் ஒன்றாக மாற்றுவதாக இருந்தால் என் வாதத்தில் ஒரு பகுதி வலுவிழக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்னும் பின்னும் ஒரே மாடலாக இருக்கும்போது அவற்றுக்கிடையே உள்ள சமநிலையை டயர் நிறுவனமே பார்த்துக்கொண்டிருக்கும். முத்திரை உள்ள புதிய தலைமுறை டயர் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு என்ற கருத்தை மட்டும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. இந்த அளவில் அது இல்லை என்பதால்தான் விட்டுக்கொடுக்கிறேன். இன்னொன்று, புதிய டயர் பூட்டியதும் வீல் அலைன்மென்ட் பாருங்கள். உள்விளிம்பு மட்டும் மொட்டையானதற்குப் பின்சக்கரத்தின் கேம்பர், அதாவது சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் கோணம், ஒரு காரணம்தான். தடவினால் அரம்போல் இருந்தது என்கிறீர்கள், அது டோ கோணம், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, தவறியிருப்பதன் அடையாளம். அதைச் சரிசெய்யாமல் எந்த டயரைப் பூட்டினாலும் அடுத்த ஆண்டு இதே கேள்வியோடு வருவீர்கள்.

ஈரத்தடம்:

அலைன்மென்ட் பற்றி நேர்க்கோடு சொன்னது இந்த விவாதத்திலேயே மிகப் பயனுள்ள அறிவுரை. புதிய டயரின் மேற்பரப்பில், அதை வார்த்த அச்சிலிருந்து வந்த வழுக்கும் படலம் இருக்கும், ஆகையால் முதல் 200, 300 கிலோமீட்டர் மென்மையாக ஓட்டுங்கள். அதற்குள் மழை வந்தால் இன்னும் கவனமாக.

பின்னெஞ்சின்:

புதிய தலைமுறை டயர்களையே நான்கு சக்கரங்களுக்கும் வாங்கினேன். பின்டயர் 101, அடைப்புக்குறிக்குள் ஒய். பூட்டும் முன் நானே படித்துச் சரிபார்த்தேன். பின்சக்கரங்களின் டோ இருபக்கமும் வெளிப்புறமாகத் திரும்பியிருந்தது, அலைன்மென்ட் செய்து சரிப்படுத்திவிட்டார்கள். தடத்துக்குத் தனி ரிம் வாங்குவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், அதுவரை தடத்துக்குப் போவதில்லை.

பூட்டுவதற்கு முன் தேதியைப் பார்க்கச் சொன்ன பழைய ரப்பர் அவர்களுக்கு என் நன்றி. வந்த நான்கில் மூன்று ஒரே மாதத்தில் தயாரானவை; ஒரு பின்டயர் மட்டும் அதன் ஜோடியைவிட மூன்று ஆண்டு மூத்தது. கடைக்காரர் அதுவும் புதிதுதான் என்றார். நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சரியான ஜோடி வரும்வரை காரை லிஃப்டிலேயே ஒன்பது நாள் நிறுத்திவைத்தேன்.