ஏப்ரல் பாதி போய்விட்டது, ஒரு வார்ப்ளரையும் காணவில்லை

செண்பகம்:
ரொறன்ரோ ஸ்காபரோவில் இருக்கிறேன். பறவை பார்க்கத் தொடங்கி இது இரண்டாவது வசந்தம். போன வருடம் இதே கிழமை ரொசெற்றா மக்லெய்ன் தோட்டத்தில் யெலோ-ரம்ப் வார்ப்ளர் (வசந்தத்தில் தெற்கிலிருந்து வலசை வருகிற சின்னப் பறவை) ஏழெட்டுப் பார்த்தேன். இந்த முறை மூன்று சனிக்கிழமை விடிய ஆறரைக்கே போய் நின்றும் வழக்கமான ராபினும் ரெட்விங்கும்தான். விரல் விறைத்து பைனாகுலர் சக்கரத்தைத் திருப்பவே ஏலவில்லை. “காகம் பார்க்கவா இந்தக் குளிருக்குள் போனீங்கள்?” என்று மனிசி கேட்கிறா. மே முதல் கிழமை லீவு போட்டு, ஈரி ஏரிக்கரையில் வலசைப் பறவைகள் வந்திறங்குகிற பொயின்ற் பீலி போக இருந்தேன். அதுவும் வீண்தானா?

புலுனி:
தம்பி, பிழை காற்றில்தான். இதுகள் இரவில் பறக்கிறவை. தெற்கிலிருந்து காற்றுத் தள்ளினால்தான் கிளம்பும். இங்கே பத்து நாளாக வாடைதானே. இரவில் பறவைகள் எங்கே பறக்கின்றன என்று ராடாரை வைத்துக் காட்டுகிற, கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பேர்ட்காஸ்ட் வரைபடத்தை இரவில் பாருங்கோ. அது அமெரிக்க எல்லையோடு நின்றுவிடும். ஆனாலும் ஒகாயோ, நியூயோர்க் பக்கம் நிறம் ஏறினால் எங்களுக்கும் பங்கு வரும்.

அப்புறம், ஏப்ரலில் யெலோ-ரம்ப், பைன் தவிர வார்ப்ளர் அதிகம் வராது. யெலோ-ரம்புக்கு மெழுகுப் பூச்சுள்ள பழங்களும் செரிக்கும். மற்றதுகள் பூச்சியை நம்பி வருகிறவை. லீவை மே இரண்டாம் கிழமைக்கு மாற்றுங்கோ. பீலியில் அதுதான் உச்சம்.

நேற்றுப் பின்னேரம் ஏரிக்கரைச் செங்குத்து மேடான புளஃப்ஸுக்குக் கீழே போனேன். லோங்டெயில் வாத்துகள் இன்னும் ஆர்க்டிக்குக்குப் போகவில்லை. ஆண்களுக்குப் பாதி உடம்பு மண்ணிறமாகிவிட்டது. கூட்டமாகக் கத்தினால் கோயில் வீதியில் நாலு நாதஸ்வரக்காரர் சீவாளி சரிபார்க்கிற மாதிரி இருக்கும். வசந்தம் பிந்தினால் எனக்கு லாபம்தான்!

ஏரிக்கரை:
மேலே பார்க்காதீங்கோ, நிலத்தைப் பாருங்கோ. குளிருக்குப் பூச்சியெல்லாம் கீழே. ஏரிக்குள் நீண்டு கிடக்கிற லெஸ்லி ஸ்பிற்றில் கிங்லெட் என்கிற குட்டிக் குருவி ஒன்று என் சப்பாத்துக்கு அருகில் காய்ந்த இலையைப் புரட்டிக்கொண்டிருந்தது. இரண்டு டொலர் நாணயக் குத்தியின் எடைகூட வராது. உச்சியில் மஞ்சள் கோடு, பக்கத்தில் கறுப்பு, எல்லாம் வடிவாகத் தெரிந்தது. பைனாகுலரே தேவைப்படவில்லை.

செண்பகம்:
நன்றி அண்ணை. செவ்வாய் இரவு தென்மேற்குக் காற்று என்று போட்டிருக்கிறது. புதன் வேலைக்குப் பிந்தித்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். மனிசிக்கு இன்னும் சொல்லவில்லை.