தலைகீழாய் நின்ற பனை

வாட்ஸ்அப் குழு: பனங்கூடல்

சனி, நவம்பர் 8

மயூரி: பெரியம்மா, இருக்கிறீர்களா? அவசரம்.

சின்ன மாமா: என்ன பிள்ளை, டொரண்டோவில் என்ன? சுகம்தானே?

மயூரி: சுகம் மாமா. சுவெட்டர்தான் அவசரம்.

சின்ன மாமா: சரி, நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன்.

மயூரி: [படம்]

மயூரி: ஆதிக்குப் பின்னுகிறேன். ஜூலையில் கரவெட்டிக்கு வந்துவிட்டுப் போனதில் இருந்து ஒரே பனைக்கதைதான். தோளைச் சுற்றி 20 பனை போடலாம் என்று கட்டத்தாளில் நானே வரைந்தேன். கழுத்தில் தொடங்கிக் கீழே வருகிற முறை. நேற்று இரவு விரித்துப் பார்த்தால் எல்லாப் பனையும் தலைகீழ்.

சின்ன மாமா: தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்தேன். இது என்ன, சூறாவளிக்குப் பிறகா?

பெரியம்மா: தம்பி, சும்மா இரு. மயூரி, படத்தாளை எங்கே இருந்து வாசித்தாய்?

மயூரி: கீழ் வரியில் இருந்து. எப்போதும் அப்படித்தானே?

பெரியம்மா: கீழே இருந்து மேலே பின்னினால் அப்படி. நீ கழுத்தில் தொடங்கியிருக்கிறாய். முதலில் பின்னுவது மரத்தின் உச்சியாக இருக்க வேண்டும். நீ அடிமரத்தைக் கழுத்தில் நட்டுவிட்டாய்.

மயூரி: அவிழ்க்கிறேன். 31 சுற்று. அழுகை வருகிறது.

பெரியம்மா: அவிழ்க்காதே. நிமிர்த்திப் போட்டாலும் பனை அங்கே நிற்காது.

மயூரி: ஏன்?

பெரியம்மா: கழுத்தில் எத்தனை கண்ணி?

மயூரி: 80. தோள் முடியும்போது 240.

பெரியம்மா: 20 பனை என்றால் ஒரு பனைக்கு மேலே 4 கண்ணி, கீழே 12. பனை எங்கே அகலம்? தலையில். உனக்கு இடம் எங்கே இருக்கிறது? காலடியில். நாலு கண்ணிக்குள் பனந்தலையை எப்படி அடக்குவாய்? வட்டத் தோளுக்கு மேலே ஒடுங்கிக் கீழே விரிகிற உருவம்தான் சரிவரும். இங்கே நோர்வேயில் ஆட்கள் ஊசியிலை மரத்தைப் பின்னுகிறார்கள். அது கூம்பு. தானாகப் பொருந்தும்.

தனு: அம்மா சொல்வது சரி. இன்னொன்றும் இருக்கிறது மயூரி அக்கா. கண்ணி சதுரமில்லை. உங்கள் நூலில் 10 செ.மீ.க்கு எத்தனை?

மயூரி: அகலத்துக்கு 22 கண்ணி, உயரத்துக்கு 30 சுற்று.

தனு: அப்படியென்றால் சதுரக் கட்டத்தாளில் வரைந்த மரம் சுவெட்டரில் குட்டையாகத்தான் வரும். அதனால்தான் உங்கள் பனை ஈச்சம்பற்றை மாதிரி இருக்கிறது. 22க்கு 30 என்ற கணக்கில் கட்டம் போட்டு அனுப்புகிறேன்.

சின்ன மாமா: நீ எப்போது பின்னல் படித்தாய்?

தனு: இங்கே பள்ளிக்கூடத்தில் பெடியன்களுக்கும் கைவேலைப் பாடம் இருக்கிறது மாமா. நான் பின்னிய தொப்பி அம்மாவிடம் இன்னும் இருக்கிறது.

பெரியம்மா: தேநீர்ப் பானைக்குப் போட்டிருக்கிறேன்.

ஞாயிறு, நவம்பர் 9

சின்ன மாமா: அக்கா, இரவு முழுக்க அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைகீழாக இருந்தாலும் வடிவாகத்தானே இருக்கிறது?

பெரியம்மா: இருக்கும். தலை அகலமான இடத்துக்கு வந்துவிட்டதே.

சின்ன மாமா: அப்படியென்றால் மரத்தை விடுங்கள். ஓலையை மட்டும் போடுங்கள். காவோலை எப்படித் தொங்கும்? மட்டை மேலே, ஓலை விரிந்து கீழே. கழுத்தைச் சுற்றி 20 காவோலை.

மயூரி: மாமா!!!

பெரியம்மா: இத்தனை வருடத்தில் இவன் சொன்ன முதல் உருப்படியான கதை.

தனு: மட்டை 1 கண்ணி, பிறகு 3, 5, 7, 9, 11. கண்ணி கூடக்கூட ஓலையும் விரியும். கணக்கு கச்சிதம்.

மயூரி: மேலே பச்சை, நுனியில் காய்ந்த மண்ணிறம், பின்னணி கருநீலம்.

பெரியம்மா: நல்லது. ஆனால் பச்சையை முடித்துவிட்டு மண்ணிறத்தைத் தொடங்கு. ஒரு சுற்றில் இரண்டு நூல்தான். மூன்றாவதை எடுத்தாயோ, கழுத்தில் சுருக்குத்தான் விழும்.

மயூரி: அப்போ 31 சுற்றையும் அவிழ்க்கத்தான் வேண்டுமா?

பெரியம்மா: ஓம். இன்று அவிழ்க்கலாம், நேற்று என்றால் மறுபடியும் பனையைத்தான் போட்டிருப்பாய். கழுத்து ரிப்பை, அந்த இழுபடுகிற பட்டியை, விட்டுவிடு. ஆதியின் தலை அதற்குள்ளால் போகிறதா என்று இப்போதே பார். தொடங்கும் கண்ணியை இறுக்கிவிட்டுக் கடைசியில் அழுகிற ஆட்களைக் கண்டிருக்கிறேன்.

மயூரி: போகிறது. காது மட்டும் கொஞ்சம் தடுக்குகிறது.

பெரியம்மா: காணும். ரிப் முடிந்ததும் பின்பக்கம் மட்டும் நாலைந்து அரைவரிசை போய்ப்போய்த் திரும்பி வா. பின்கழுத்து 2 செ.மீ. உயர வேண்டும். இல்லாவிட்டால் முன்கழுத்து பிள்ளையின் தொண்டையில் ஏறி நிற்கும்.

மயூரி: பெரியம்மா, நீங்கள் இதையெல்லாம் யாரிடம் பழகினீர்கள்?

பெரியம்மா: குரல் பதிவு போட்டால் நீ கேட்கமாட்டாய். எழுதுகிறேன்.

பெரியம்மா: வார்டோவில், நோர்வேயின் வடகோடியில். பேர்கனுக்கு வருவதற்கு முன்பு அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை. 80களில் எங்கள் ஆட்கள் பலர் ஃபின்மார்க்கில் மீன் வெட்டித்தான் காலூன்றினார்கள். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாது. இடைவேளையில் பக்கத்து மேசைக்காரி பின்னிக்கொண்டே இருப்பாள். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. ஊசியைக் கையில் தந்தாள், பிழை விட்டால் விரலில் தட்டினாள். முதலில் கற்ற நோர்வே சொல் வணக்கம் இல்லை, ‘மாஸ்கே’. கண்ணி.

பெரியம்மா: ஒருநாள் அவள் தன் கணவருக்குப் பின்னிய சுவெட்டரைக் கொண்டுவந்தாள். கையில்லாத குழாய் மாதிரி நேராக இருந்தது. மேசையில் வைத்துத் தையல் போட்டாள், பிறகு கத்தரிக்கோலை எடுத்து இரண்டு பக்கமும் வெட்டினாள். நான் “ஐயோ” என்று கத்திவிட்டேன். இந்த ஊரின் பழைய முறை அதுதான். குழாயாகப் பின்னி, கை வைக்கும் இடத்தை வெட்டித் திறப்பது. அன்றைக்கு முடிவெடுத்தேன், என் பின்னலில் கத்தரிக்கோல் படாது என்று. மேலிருந்து கீழே வருகிற முறையைத் தேடிப் பிடித்தது அதற்குப் பிறகுதான்.

தனு: 1953இல் வந்த மாரியுஸ் சுவெட்டர் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும். ஊன் சொய்லான் டாலே என்ற பெண் வடிவமைத்தது. மாரியுஸ் எரிக்சன் என்ற பனிச்சறுக்கு வீரரின் பெயர். அம்மா எனக்கு அதைப் பின்னவே இல்லை.

பெரியம்மா: கடையில் வாங்கித் தந்தேன். அது போதாதா?

புதன், நவம்பர் 19

மயூரி: [படம்]

மயூரி: ஓலை விரியத் தொடங்கிவிட்டது! ஆனால் தோள் முழுக்கச் சுருங்கிக் கிடக்கிறது. அதோடு ஒரு பக்கத்து ஓலை மங்கலாக இருக்கிறது. நூலில் சாயம் சரியில்லையா?

பெரியம்மா: நூல் சரிதான். 14ஆவது சுற்றில் எழுந்து போனாயா?

மயூரி: ஆதிக்குச் சாப்பாடு போட. எப்படித் தெரியும்?

பெரியம்மா: திரும்பி வந்து நூல்களைக் கை மாற்றிப் பிடித்திருக்கிறாய். பின்பக்கம் இரண்டு நூல் ஓடும்போது கீழால் வருகிற நூலின் கண்ணி கொஞ்சம் பெரிதாக விழும், முன்னுக்குத் தெரியும். மேலால் வருவது பின்வாங்கும். ஓலை நூல் எப்போதும் கீழால் வரட்டும், பின்னணி நூல் மேலால். சுவெட்டர் முடியும் வரை மாற்றாதே.

மயூரி: சுருக்கம்?

பெரியம்மா: பின்னால் ஓடும் நூலை இழுக்கிறாய். நிறம் மாற்றுவதற்கு முன் வலது ஊசியில் இருக்கிற கண்ணிகளை விரலால் அகட்டிவிட்டு அடுத்த நூலை எடு. ஐந்து கண்ணிக்கு மேல் ஓடினால் நடுவில் ஒருமுறை முறுக்கிப் பிடி. இல்லாவிட்டால் ஆதி கையை நுழைக்கும்போது விரல் மாட்டும். ஊசி என்ன அளவு?

மயூரி: 3.5.

பெரியம்மா: இரண்டு நிறம் வரும் இடத்துக்கு 4 எடு. ஒற்றை நிறம் வந்ததும் 3.5க்குத் திரும்பு.

சின்ன மாமா: சுருங்கினால் என்ன? காவோலை சுருங்கித்தானே இருக்கும்.

பெரியம்மா: காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம். உனக்கும் 61 வயது தம்பி.

ஞாயிறு, நவம்பர் 30

மயூரி: 240 வந்துவிட்டது. கைக்கு 48 வீதம் இரண்டு பக்கமும் மிச்ச நூலில் கோர்த்து வைத்தேன். முன்னுக்கு 72, பின்னுக்கு 72, அக்குளில் 8 வீதம் புதிதாகச் சேர்த்தேன். உடம்பு 160.

தனு: 72, 73 செ.மீ. சுற்றளவு. நெஞ்சு?

மயூரி: 66. தளர்வாக இருக்கட்டும், வளருகிற பிள்ளை.

பெரியம்மா: இப்போது கண்ணிகளை நீள நூலுக்கு மாற்றிவிட்டுப் பிள்ளைக்குப் போட்டுப் பார். இந்த முறையின் சுகமே அதுதான். பாதியில் போட்டுப் பார்க்கலாம், நீளத்தை அவனே சொல்லுவான்.

மயூரி: [படம்]

சின்ன மாமா: கையில்லாத சட்டையோடு என் மருமகள் பெற்ற இளவரசன்.

பெரியம்மா: தோள் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வருடம் கட்டையானால் அடி விளிம்பை அவிழ்த்து அப்படியே தொடர்ந்து பின்னலாம். அதனால் ஒரு நூல் உருண்டையை எடுத்து வை. பிறகு தேடினால் அதே சாயத் தொகுதி கிடைக்காது.

மயூரி: அடியில் ஏதாவது போடவா? வெறுமையாக இருக்கிறது.

சின்ன மாமா: நுங்கு! மூன்று கண்.

தனு: 8 கண்ணிக்கு ஒரு நுங்கு, 160க்கு 20. மேலே 20 ஓலை, கீழே 20 நுங்கு.

மயூரி: மணிக்கட்டிலும் போடட்டுமா?

பெரியம்மா: போடு. ஆனால் கை ஒடுக்கமான குழாய், பின் நூல் இறுகும். பின்னலை உள்பக்கம் வெளியே திருப்பி வைத்துக்கொண்டு பின்னு. அப்போது அந்த நூல் வெளிவட்டத்தைச் சுற்றி ஓடும், தானாக நீளம் கிடைக்கும்.

சனி, டிசம்பர் 20

மயூரி: [படம்]

மயூரி: முடிந்தது!

சின்ன மாமா: அடடா. ஓலை ஓலையாகவே தெரிகிறது.

தனு: வேற லெவல் அக்கா.

பெரியம்மா: கழுவினாயா?

மயூரி: ஓம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் துவாயில் சுருட்டிப் பிழிந்து தட்டையாகக் காயப்போட்டேன். மேடுபள்ளம் எல்லாம் படிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை சிப்பியா என்று கேட்டாராம். “இல்லை, இது மரத்தில் இருந்து விழப்போகிற ஓலை” என்று ஆதி சொல்லியிருக்கிறான்.

சின்ன மாமா: என் பெயரையும் சொல்லியிருக்கலாம்.

பெரியம்மா: உள்பக்கம் திருப்பி ஒரு படம் அனுப்பு.

மயூரி: எதற்கு பெரியம்மா?

பெரியம்மா: அனுப்பு பிள்ளை.

மயூரி: [படம்]

பெரியம்மா: ம்.

மயூரி: என்ன ம்?

பெரியம்மா: இடது தோளுக்குக் கீழே ஒரு நூல் இழுத்திருக்கிறது. மற்றதெல்லாம் துப்புரவு. வார்டோக்காரி பார்த்திருந்தால் விரலில் தட்டியிருக்கமாட்டாள்.

சின்ன மாமா: அக்கா, எனக்கும் ஒன்று பின்னித் தருவீர்களா?

பெரியம்மா: கரவெட்டி வெயிலுக்கா?

சின்ன மாமா: மார்கழிப் பனிக்கு.

பெரியம்மா: நெஞ்சு அளவு அனுப்பு. வண்டி வயிற்றையும் சேர்த்து அள.