மாட்ரிட்டில் ஜெயிச்சவரை பாரிசில் நம்பலாமா?

குன்னூர்_பேஸ்லைன்:
பாரிசில் நடக்கிற பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் நெருங்கினாலே எங்க கோர்ட்டில் ரெண்டு கட்சி. ஒண்ணு, "மாட்ரிட் ஃபைனலைப் பாரு, அதுதான் கிளே (செம்மண்) ஃபார்ம்" என்கும். இன்னொண்ணு, "மாட்ரிட்டைக் கணக்கிலேயே சேர்க்காதே" என்கும். 2025-இல் சபலென்கா மாட்ரிட் ஃபைனலில் கோகோ காஃபை 6-3, 7-6 என்று அடித்தார். ஐந்தே வாரத்தில் பாரிஸ் ஃபைனலில் அதே காஃபிடம் தோற்றார். ஆண்களில் மாட்ரிட் கோப்பையோடு பாரிஸ் போன ரூட் ரெண்டாவது ரவுண்டிலேயே வெளியே. ரெண்டும் செம்மண் தரைதானே? அப்புறம் ஏன் இப்படி? வளர்ந்து வர்றவங்கள்ல யாரைக் கவனிக்கணும்?

கோத்தகிரி_கிக்சர்வ்:
தரை ஒண்ணுதான், காற்று வேற. மாட்ரிட் சுமார் 650 மீட்டர் உயரம். பாரிஸ் கிட்டத்தட்ட கடல் மட்டம். 650 மீட்டர் எல்லாம் நமக்கு ஒரு உயரமா என்று தோணும், கல்லாறு தாண்டி பர்லியார் வர்றதுக்குள்ளேயே அது வந்துடும். ஆனா அங்கே காற்றின் அடர்த்தி 6 சதவீதம் போல குறையுது. பந்தைத் தடுக்கும் விசையும் குறையும், டாப்ஸ்பின் (பந்தின் முன்னோக்கிய சுழற்சி) பந்தைக் கீழே இழுக்கும் விசையும் குறையும். வலைக்கு மேலே நல்லா தூக்கி, சுழற்சியை நம்பிக் கோட்டுக்குள்ளே இறக்குறவருக்கு அது சிக்கல். தட்டையா, பலமா அடிக்கிறவருக்குக் கொண்டாட்டம்.

கணக்கைப் பாருங்க. 2025 வரை சபலென்காவுக்கு மாட்ரிட் பட்டம் மூணு (2021, 2023, 2025), பாரிஸ் பட்டம் பூஜ்யம். ஸ்வியாடெக்குக்கு அப்படியே தலைகீழ்: பாரிஸ் நாலு, மாட்ரிட் ஒண்ணு. நடால் பாரிசில் 14, கடலோர மான்டே கார்லோவில் 11, மாட்ரிட் செம்மண்ணில் நாலுதான். செம்மண் ராஜாவுக்கே அந்த ஊர் அவ்வளவு ஒத்துப்போகலை.

ஆண்களில் 2025 மாட்ரிட்டை வைத்து ஒண்ணும் பேச முடியாது. சின்னர் தடையில் இருந்தார், அல்கராஸ் காயத்தால் விலகினார். ரெண்டு பேரும் இல்லாத போட்டி அது. ரூட்டுக்கும் பாரிசில் முழங்கால் வலி, அதையும் சேர்த்துச் சொல்லணும்.

கோடை_டிராப்ஷாட்:
கிக்சர்வ் அண்ணா சொல்ற இயற்பியல் சரி. ஆனா உயரத்தையே பிடிச்சுத் தொங்கக் கூடாது. 2024-இல் ஸ்வியாடெக் மாட்ரிட், ரோம், பாரிஸ் மூணையும் எடுத்தார். காஃப் 2025-இல் மூணு ஊரிலும் ஃபைனல் வந்தார். மாட்ரிட்டில் சபலென்காவிடமும் ரோமில் பவோலினியிடமும் தோற்று, பாரிசில் ஜெயிச்சார். கோப்பை யார் கையில் என்பதை விட, அடுத்தடுத்து கடைசி ரவுண்டு வரை வந்தவர் யார் என்று பார்ப்பதே மேல்.

அந்தப் பாரிஸ் பெண்கள் ஃபைனலைத் தீர்மானிச்சது காற்று, வீசுற காற்று. சபலென்கா 70 அன்ஃபோர்ஸ்டு எரர் (எதிராளி நெருக்காமலே செஞ்ச தப்பு). முதல் செட்டை டை-பிரேக்கில் எடுத்த பிறகும் கோட்டை ஒட்டியே குறி வச்சார். காஃப் காலடியைச் சின்னதாக்கி, பந்தை வலைக்கு மேலே உசத்தி, நடுவிலேயே திருப்பிப் போட்டுக்கிட்டிருந்தார். காற்று நாளில் செய்ய வேண்டியது அதுதான்.

2025 பாரிஸ் ஆண்கள் ஃபைனலில் சின்னரை அல்கராஸ் ஜெயிச்சதுக்கு உயரம் காரணமே கிடையாது. நாலாவது செட், 5-3 சின்னர், அல்கராஸ் சர்வீஸில் 0-40. மூணு சாம்பியன்ஷிப் பாயின்ட் (ஒண்ணு எடுத்தாலே கோப்பை)! மூணும் போச்சு. அடுத்த கேமில் சின்னர் ஜெயிக்க சர்வ் பண்ணி அதையும் இழந்தார். 5 மணி 29 நிமிஷம். மொத்தப் பாயின்டில் சின்னர் 193, அல்கராஸ் 192. அதிகம் எடுத்தவர்தான் தோற்றார். ஐந்தே வாரத்தில் விம்பிள்டனில் நாலு செட்டில் சின்னர் பதில் கொடுத்தாச்சு. இவங்கள்ல யார் பெரியவர் என்று இப்பவே தீர்ப்பு எழுதுறது வீண் வேலை.

இன்னொண்ணு: பாரிஸ் அட்டவணையில் நேரத்தைப் பாருங்க. நம்ம நேரம் ராத்திரி 11:45-க்குத் தொடங்கும் நைட் செஷனில் குளிருக்குப் பந்து எழும்பாது. பகல் வெயிலில் உதைச்சு எழும்பும் டாப்ஸ்பின், ராத்திரி இடுப்போடு நின்னுடும்.

குன்னூர்_பேஸ்லைன்:
650 மீட்டருக்கே இவ்வளவு என்றால், 1,850-இல் இருக்கிற நாங்க என்ன பண்றது? புது பந்து டப்பா உடைச்ச அன்னிக்கு எல்லாப் பந்தும் பின்வேலிக்குப் போகுது.

கோத்தகிரி_கிக்சர்வ்:
மேட்டுப்பாளையத்தில் வாங்கின சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வரும்போது எப்படி உப்பி நிற்குது? பந்துக்கும் அதே கதை. உள் அழுத்தம் மாறலை, வெளி அழுத்தம் குறைஞ்சுது. கடல் மட்டத்தை விட ஊட்டியில் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். பந்து கல்லாட்டம் ஆகும்.

சோதிக்கணும்னா 254 செ.மீ. உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டு அளங்க. சாதாரணப் பந்து 135 முதல் 147 செ.மீ. எழும்பணும், அதைத் தாண்டினால் நம்ம ஊருக்கு ஆகாது. 1,219 மீட்டருக்கு மேலே ஆட விதியிலேயே தனிப் பந்து உண்டு: 'ஹை ஆல்டிட்யூட்' என்று டப்பாவில் போட்டிருக்கும், எழும்பும் அளவு 122 முதல் 135. இன்னொரு வகை அழுத்தமில்லாப் பந்து. அதை ஆடும் உயரத்திலேயே 60 நாள் வச்சிருந்து பழக்கணும். ரெண்டும் கிடைக்கலைன்னா, உடைச்சு ரெண்டு வாரமான பந்தே புதுசை விட நல்லா கட்டுப்படும்.

ராக்கெட்டுக்கு கட் (நரம்பு) போடும்போது டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, 2 முதல் 4 பவுண்டு கூட்டுங்க. 52 போடுறவர் 54, 55. அதுக்கு மேலே, அதுவும் பாலியெஸ்டர் நரம்பில், போனா முழங்கை போயிடும். கோவைக்கு மேட்ச் ஆட இறங்கும்போது மறக்காம பழைய டென்ஷனுக்கு வாங்க, இல்லேன்னா எல்லாம் சர்வீஸ் கோட்டுக்கு முன்னாடியே விழும். மேலே உடைச்ச பந்தைக் கீழே கொண்டு போகாதீங்க, செத்த பந்து அது. பனிமூட்டத்தில் ஆடினா மேல்ரோமம் தண்ணி குடிச்சு வேற மாதிரி கனக்கும், அதை வச்சு டென்ஷனை முடிவு பண்ணாதீங்க.

கோடை_டிராப்ஷாட்:
வளர்றவங்க பற்றி யாரும் சொல்லலையே. 2025 பாரிசில் 361-ஆம் ரேங்க், வைல்டு கார்டில் (ரேங்க் பார்க்காமல் அமைப்பாளர் தரும் இடம்) வந்த லோயிஸ் புவாசோன் பெகுலாவையும் ஆண்ட்ரீவாவையும் சாய்ச்சு அரையிறுதி போனார். கனமான ஃபோர்ஹேண்ட், நடுவில் டிராப் ஷாட் (வலையை ஒட்டி மெதுவா விழும் அடி). அவர் ஆட்டம் மாட்ரிட்டை விட பாரிசுக்குத்தான் பொருந்தும். ஃபொன்சேகாவின் ஃபோர்ஹேண்ட் வேகத்தில் குறையே இல்லை, ஆனா மூணாவது ரவுண்டில் டிரேப்பர் நேர் செட்டில் முடிச்சுட்டார். மென்ஷிக் மயாமியில் ஜோகோவிச்சை வென்ற கையோட வந்து, ரெண்டு செட் முன்னிலையைக் கோட்டை விட்டார். ஐந்து செட் உடம்பு இன்னும் வரலை.

நம்ம பக்கம், கோவைப் பொண்ணு மாயா ராஜேஷ்வரன். 2025 மும்பை டபிள்யூடிஏ 125 (பெண்கள் தொழில்முறை) போட்டியில் 15 வயசில் தகுதிச் சுற்றிலிருந்து அரையிறுதி. அடுத்த தடவை அவர் மேட்ச் வந்தா ஃபோர்ஹேண்டை விட்டுட்டு செகண்ட் சர்வை மட்டும் எண்ணிப் பாருங்க, எத்தனை எதிராளியின் தோளுக்கு மேலே எழும்புதுன்னு.