மறு: லிப்போசோமுக்குத் தமிழ்ச்சொல் – ‘கொழுமியப் பொதி’ சரியாக வருமா?

குழுவினருக்கு வணக்கம்.

மருந்தை ஏற்றிச் செல்லும் நுண்ணிய கொழுமிய (லிப்பிட்) உருண்டையான லிப்போசோமுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். கொழுப்புக்குமிழ், கொழுப்புடலி, கொழுப்புச்சிமிழ், மீநுண் (நானோ) மருந்துறை, இலக்கம்பு (இலக்கு + அம்பு) என ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. எது அழகான சொல் என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தச் சொல்லை யார் எங்கே படிக்கப் போகிறார்கள் என்று யோசிக்க வேண்டும். பாடநூலோடு இது நிற்காது. மருந்துச் சீட்டிலும், நோயாளியின் உறவினர் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்திலும் வரும். அங்கே இந்தச் சொல் தடுமாறினால் உயிருக்கே ஆபத்து. மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனா இரண்டாம் அலையோடு கருப்புப் பூஞ்சையும் வந்தது. அதற்கான மருந்தான ஆம்போடெரிசின்-பி கிடைக்காமல் மக்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். பல செய்திகளில் வெறுமனே ‘ஆம்போடெரிசின்’ என்றுதான் இருந்தது. ஆனால் அந்தப் பெயரில் ஒரே மருந்தா இருக்கிறது? பழைய சாதாரண வடிவம் ஒன்று. கொழுமியத்தோடு சேர்த்துக் கட்டிய வடிவம் இன்னொன்று. லிப்போசோமுக்குள் வைத்த வடிவம் வேறொன்று. கருப்புப் பூஞ்சைக்கு லிப்போசோம் வடிவத்தை உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் கொடுப்பார்கள், மூளைவரை பரவியிருந்தால் 10 வரைகூடப் போவார்கள். சாதாரண வடிவத்தில் கிலோவுக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. லிப்போசோம் வடிவத்துக்கான அளவில் சாதாரண வடிவத்தைக் கொடுத்துவிட்டால் இதயமும் மூச்சும் நின்றுபோகலாம் என்று மருந்தின் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆகவே நாம் உண்டாக்கும் சொல், ஒரே மருந்தின் வெவ்வேறு வடிவங்களைப் பார்த்த பார்வையிலேயே பிரித்துக் காட்ட வேண்டும்.

சரி, பொருளுக்கு வருவோம். லிப்போசோம் என்பது கொழுமிய மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அணிவகுத்து, வளைந்து மூடிக்கொண்ட ஒரு நுண்ணிய உருண்டை. உள்ளே நீர், வெளியே நீர், நடுவில் ஈரடுக்குச் சுவர். 1960களில் இங்கிலாந்தில் அலெக் பங்கம் இதைக் கண்டு விளக்கினார். இதில் மருந்தை ஏற்றலாம் என்ற எண்ணம் வளர்ந்து, 1995இல் அமெரிக்காவில் டாக்சில் என்ற புற்றுநோய் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. நானோ மருந்துகளில் அதுதான் முதலாவது என்பார்கள். அதன் உருண்டைகள் 80 முதல் 100 நானோமீட்டர் அளவு கொண்டவை.

இப்போது பரிந்துரைகளைப் பார்க்கிறேன்.

> ‘குமிழ்’ எல்லாருக்கும் தெரிந்த சொல், உடனே படம் கண்ணில் வரும்.

படம் வரும், ஆனால் தவறான படம். குமிழி என்றால் உள்ளே காற்று என்றுதான் யாரும் நினைப்பார்கள். நரம்பு வழியாக ஏற்றும் மருந்தில் குமிழி இருக்கிறது என்று சொன்னால் நோயாளி பயந்துபோவார். அந்தப் பயத்தில் தவறும் இல்லை.

‘உறை’, ‘சிமிழ்’ இரண்டும் இதைவிட நல்ல சொற்கள். சிமிழ் எனக்கு மிகவும் பிடித்த சொல்லும்கூட. ஆனால் ஒரு சிக்கல். டாக்சிலில் டாக்சோரூபிசின் என்ற மருந்து உருண்டையின் உள்ளே, நீர்ப்பகுதியில், படிகமாகத் திரண்டு கிடக்கிறது. அதற்குச் சிமிழ் பொருந்தும். ஆம்போடெரிசின் அப்படி இல்லை. அது நீரை விரும்பாத மூலக்கூறு. உள்ளே இருக்கும் நீரில் மிதக்காமல் ஈரடுக்குச் சுவருக்குள்ளேயே செருகிக்கொண்டு நிற்கிறது. சிமிழில் குங்குமம் சிமிழின் சுவரிலா இருக்கிறது? உறைக்கும் இதே குறைதான்.

இங்கேதான் ‘பொதி’ என்ற நம் சொல் கைகொடுக்கிறது. உள்ளே வைத்து மூடுவதும் பொதிதல்தான், ஒன்றுக்குள் பதித்து வைப்பதும் பொதிதல்தான். ‘துணியில் பொதிந்து வைத்தாள்’ என்கிறோம், ‘மணி பொதிந்த மகுடம்’ என்றும் சொல்கிறோம். டாக்சோரூபிசின் முதல் வகை, ஆம்போடெரிசின் இரண்டாம் வகை. பொதிமாடு, பொதி சுமத்தல் என்னும் வழக்கில் சுமந்து செல்வதும் சேர்ந்துவிடுகிறது. மொட்டு விரிவதைப் ‘பொதி அவிழ்தல்’ என்றது பழந்தமிழ். மருந்து வெளிப்படுவதைச் சொல்ல நமக்கு ‘அவிழ்தல்’ தயாராகவே இருக்கிறது. மூடுவது, பதிப்பது, சுமப்பது, அவிழ்வது என்று இத்தனையையும் ஒரே வேர்ச்சொல்லில் தரும் வேறொரு சொல் எனக்குத் தெரியவில்லை.

முன்பகுதிக்குக் ‘கொழுப்பு’ வேண்டாம், ‘கொழுமியம்’ போதும். லிப்போசோமின் சுவரில் இருக்கும் பாஸ்போலிப்பிடைக் கொழுப்பு என்பது வேதியியலில் சரியாகாது. நோயாளிக்கும் கொழுப்பு என்றதும் இரத்தக்குழாய் அடைப்புதான் நினைவுக்கு வரும். இலங்கைப் பாடநூல்களில் ‘இலிப்பிட்டு’ என்று எழுதுகிறார்கள். அவர்கள் ‘இலிப்பிட்டுப் பொதி’ என்று வைத்துக்கொண்டாலும் பின்பகுதி பொதுவாகவே இருக்கும்.

> அளவுதான் இதன் சிறப்பு. எனவே ‘மீநுண்’ சொல்லின் தலையில் இருக்க வேண்டும்.

இதை ஏற்க முடியவில்லை, ஐயா. நானோமீட்டர் என்று எழுதும்போது ‘நானோ’ ஒரு அளவு முன்னொட்டு, கிலோவைப் போல. அது அப்படியே இருக்கட்டும். தங்கத் துகள், இரும்பு ஆக்சைடுத் துகள் போன்றவற்றுக்கும் ‘நானோதுகள்’ போதும். ஆனால் இந்தப் பொருளை மருத்துவத்தில் பயனுள்ளதாக்குவது அளவு மட்டும் இல்லை. சாதாரண ஆம்போடெரிசின் பூஞ்சையின் சவ்வை ஓட்டையாக்குவதோடு நம் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. பொதிக்குள் இருக்கும்போது பெரும்பாலும் பூஞ்சையைத் தொடும்வரை மருந்து சுவரைவிட்டு இறங்குவதில்லை, அதனால் கேடு குறைகிறது. காலா அசார் என்னும், மணல் ஈ கடித்துப் பரவும் நோய்க்குப் பீகாரின் முசாபர்பூரில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. பழைய வடிவத்தை 29 நாட்களில் 15 முறை ஏற்றியதும், பொதி வடிவத்தை கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒருமுறை ஏற்றியதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. இரண்டிலும் 95 விழுக்காட்டுக்கு மேல் குணம். ஒரு கூலித்தொழிலாளிக்கு ஒரு மாத மருத்துவமனை வாசம் ஒரே நாளாகச் சுருங்குவது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தப் பயன் பொதிந்து வைத்ததால் வந்தது. பெயரும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

‘இலக்கம்பு’ பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன், அது வேண்டாம். நானோதுகள்களை வைத்து விலங்குகளில் செய்த பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. உடலில் செலுத்திய அளவில் புற்றுநோய்க் கட்டியைச் சென்றடைவது இடைநிலை மதிப்பில் வெறும் 0.7 விழுக்காடு என்று அது காட்டியது. மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. அம்பு என்று பெயர் வைத்தால், புற்றுநோயோடு போராடும் ஒருவருக்கு மருந்தால் நிறைவேற்ற முடியாத வாக்குறுதியை நாம் பெயரிலேயே கொடுத்துவிடுவோம்.

அப்புறம், கொரோனா தடுப்பூசியில் இருந்தவையும் இதே பொதிதானா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். இல்லை அம்மா. ஃபைசர், மாடர்னா ஊசிகளில் இருப்பவை கொழுமிய நானோதுகள்கள். அவற்றுக்குள் லிப்போசோமைப் போல நீர் நிறைந்த ஒற்றை அறை கிடையாது. ஆர்என்ஏ இழை கொழுமியங்களோடு பின்னிக் கிடக்கும். இந்த வகையில் முதலில் ஒப்புதல் பெற்றது 2018இல் வந்த பாட்டிசிரான் என்ற மருந்து. இவற்றைக் ‘கொழுமிய நானோதுகள்’ என்றே எழுதி, ‘பொதி’யை ஈரடுக்குச் சுவர் உள்ளவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

ஆக, என் பரிந்துரை: லிப்போசோம் என்பதற்குக் கொழுமியப் பொதி, லிப்போசோமல் என்ற அடைமொழிக்குப் ‘பொதி’. ‘பொதி ஆம்போடெரிசின்’, ‘பொதி டாக்சோரூபிசின்’ என்று மருந்தின் பெயருக்கு முன்னால் வரட்டும். பழைய வடிவத்தைச் சும்மா விடாமல் ‘பொதியா ஆம்போடெரிசின்’ என்று எழுதலாமா என்று யோசித்தேன். ஒரே ஓர் எழுத்து வேறுபாடு, அவசரத்தில் கண் தவறிவிடும். ‘வெறும் ஆம்போடெரிசின்’ என்றால் குழப்பம் வராது. கொழுமியத்தோடு கட்டிய மூன்றாவது வடிவம் பொதி இல்லை, மருந்தும் கொழுமியமும் சேர்ந்த நாடாக்கள்போல இருக்கும். அதற்குக் ‘கொழுமியக் கூட்டு’ என்று வைக்கலாம்.

குழுவில் மருத்துவமனை மருந்தகத்திலும் வார்டிலும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். ‘பொதி’, ‘வெறும்’, ‘கூட்டு’ மூன்றையும் ஒரு தாளில் கையால் எழுதி, உடன் வேலை செய்யும் செவிலியர்களிடம் வேகமாகப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று எழுதினால், அதை வைத்து மேலே பேசலாம்.