கரிசல் மண்ணில் பிக்கிள்பால் கோர்ட்: 3 அங்குல கான்கிரீட் தாங்குமா?

பின்கட்டு
கோவை பக்கம். வீட்டுக்குப் பின்னாடி பிக்கிள்பால் (ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை மட்டையால நெட்டுக்கு மேல அடிக்கிற ஆட்டம்) கோர்ட் போடணும். 38க்கு 70 அடி இடம், கரிசல் மண், நீளவாக்கு கிழக்கு-மேற்கு. 3 அங்குலம் கான்கிரீட் போட்டு, வழவழன்னு தேய்ச்சு, மேல எபாக்சி (பிசின் பெயின்ட்) அடிச்சா போதும்ங்கிறார் மேஸ்திரி. சரி வருமா? ஷட்டில் கோர்ட் கோட்டையே போட்டுக்கலாமா?

மட்டப்பலகை
போர்ட்டிகோவுக்கு வேணா அது சரி வரும், கோர்ட்டுக்கு வராதுங்க.

முதல்ல மண்ணு. கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். தளத்தோட ஓரம் சீக்கிரம் காயும், நடுவுல ஈரம் நிக்கும். அந்த இழுபறியிலதான் தளம் பிளக்குது. அதனால ஒன்றரை, ரெண்டு அடி தோண்டி கரிசலை வெளிய எடுத்துட்டு, கிராவலை 6 அங்குலம் 6 அங்குலமா போட்டு, தண்ணி தெளிச்சு ரோலர் ஓட்டுங்க. மொத்தமா கொட்டிட்டு மேல மட்டும் உருட்டினா அடியில இறுகாது.

அது மேல பாலித்தீன் ஷீட், பிறகு 5 அங்குலம் எம்25 ரக கான்கிரீட். உங்க இடத்தில 34க்கு 64 அடி தளம் போட்டா 26 கன மீட்டர் ஆகும், ரெடிமிக்ஸ்னா அஞ்சு லாரி. 8 எம்எம் கம்பி 8 அங்குலத்துக்கு ஒண்ணு, ரெண்டு பக்கமும். கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்துற சின்னக் கட்டை) வெச்சு, கம்பி தளத்தோட மேல் பாதியில நிக்கணும். தரையில படுத்துக் கிடக்கிற கம்பி விரிசலைத் தடுக்காது.

வாட்டம் ஒரே பக்கமா, பக்கவாட்டில: 10 அடிக்கு ஒரு அங்குலம், 34 அடிக்கு சுமார் மூன்றரை அங்குலம். நடுவுல மேடு வெச்சு ரெண்டு பக்கமும் வழிய விடாதீங்க.

கான்கிரீட் போட்ட மறுநாளுக்குள்ள விரிசல் கண்டபடி ஓடாம இருக்க, கட்டர்ல ஒண்ணேகால் அங்குல ஆழத்துக்கு ஜாயின்ட் வெட்டணும். 64 அடியை ஆறாவும் 34 அடியை மூணாவும் பிரிச்சா, நடு வெட்டு சரியா நெட்டுக்கு அடியில வந்துரும்.

தேய்ப்பு வழவழப்பா வேண்டாம், பிரஷ் இழுத்த மாதிரி சொரசொரப்பு வேணும். சிமென்ட் பால் தூவித் தேய்ச்சா பெயின்ட் தகடு தகடா உரியும். ஈரம் போகாம மேல அடிக்கிற க்யூரிங் காம்பவுண்டும் பெயின்டைப் பிடிக்க விடாது. பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துங்க.

கிச்சன்_கோடு
ஷட்டில் டபிள்ஸ் கோர்ட்டும் பிக்கிள்பால் கோர்ட்டும் 20க்கு 44 அடிதான், ஆனா உள்கோடு வேற. ஷட்டில்ல ஷார்ட் சர்வீஸ் கோடு நெட்லேர்ந்து ஆறரை அடி, இங்க கிச்சன் (நெட்டை ஒட்டி, பந்தைத் தரையில படாம அடிக்கக் கூடாத இடம்) 7 அடி. கோடு 2 அங்குல அகலம், அளவு கோட்டோட வெளி ஓரத்துக்கு.

மூலைமட்டத்தை நம்பாதீங்க, மூலைவிட்டத்தை அளங்க: முழு கோர்ட் 48 அடி 4 அங்குலம், பாதி கோர்ட் 29 அடி 8¾ அங்குலம்.

போஸ்ட் குழாயைத் தளம் போடுறதுக்கு முன்னாடியே பதிச்சிடணும், உள்பக்கத்துக்கு உள்பக்கம் 22 அடி. நெட் ஓரத்தில 36 அங்குலம், நடுவுல 34.

பின்கட்டு
நன்றிங்க. எபாக்சி ஏன் கூடாது? கிழக்கு-மேற்கை என்ன பண்றது?

மட்டப்பலகை
எபாக்சி வெயில்ல வெளுத்து மாவு மாதிரி உதிரும், பனி ஈரம் பட்டா வழுக்கும். சிலிக்கா மணல் கலந்த அக்ரிலிக்தான் வேணும்: ரீசர்ஃபேசர் (தளத்தை நிரவுற அடிப்பூச்சு) ஒரு கோட், கலர் ரெண்டு கோட். 28 நாள் கழிச்சு ஆசிட் வாஷ் பண்ணி நல்லா அலசுங்க. காஞ்சதும் ஒன்றரை அடி சதுரத்துக்கு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்க. அடியில வேர்த்திருந்தா இன்னும் காத்திருக்கணும், இல்லேன்னா கலர் கொப்புளம் கட்டும்.

கலர் அடிக்கிறதுக்கு முன்னாடி தளம் முழுக்கத் தண்ணி விட்டு, ஒரு மணி நேரம் கழிச்சுத் தேங்கின இடத்தில ஒரு ரூபா காசு வெச்சுப் பாருங்க. மூழ்கினா அந்தப் பள்ளத்தை பேட்ச் போட்டு நிரப்பணும். கலருக்கு அப்புறம் அது பாசி பிடிக்கிற குழிதான்.

கிச்சன்_கோடு
34 அடி அகலத்தில கோர்ட்டைத் திருப்ப வழியில்லை. காலையில ஒரு பக்கத்துக்கும் சாயங்காலம் மறுபக்கத்துக்கும் கண் கூசும். மேற்கு வேலியில 10 அடிக்குப் பச்சை ஷேட் நெட் கட்டுங்க, வேலித் தூணைக் காத்துக்குத் தாங்குற மாதிரி கனமா போடுங்க. லைட் கம்பம் நீளப் பக்கத்தில மட்டும், பேஸ்லைனுக்கு (கோர்ட்டோட கடைசிக் கோடு) பின்னாடி வேண்டாம்.

பக்கத்து வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம்னு சொல்லலையே? பேடில்ல பந்து படுற "டொக்" சத்தத்தை ஷேட் நெட் தடுக்காதுங்க.