அரங்கிலும் ஒலிப்பதிவிலும் கேட்டவை: இன்னும் மனத்தை விட்டு அகலாத ஒரு ஜாஸ் அனுபவம் (புனைபெயரில் எழுதும் ஐவரின் உரையாடல்)

ஊசிமுனை:

1961 ஜூன் 25 ஒலிப்பதிவைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு ஜாஸ் அரங்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பியானோவில் பில் எவன்ஸ், தாழ்ந்த சுரங்களுக்கான பெரிய தந்திக்கருவியான டபுள் பேஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன், பிற்பகலும் இரவுமாக ஐந்து அமர்வுகள். ஜூலை 6 அன்று லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. அந்தப் பதிவைப் பல ஆண்டுகளாக ஹெட்ஃபோனில் மட்டுமே கேட்டுவந்த எனக்கு, அவர் தனியாக வாசிக்கும் இடங்களில் பின்னால் கேட்கும் கோப்பைகளின் ஓசையும் பேச்சும் சிரிப்பும் பெரும் அவமதிப்பாகவே பட்டன. பதினொரு நாட்களில் இல்லாமல் போகப்போகும் ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கையில் இவர்களால் எப்படிப் பேச முடிந்தது என்று கொதித்திருக்கிறேன்.

அந்தக் கொதிப்போடுதான் ஒரு சிறிய அரங்குக்கு ஒரு மூவர் குழுவைக் கேட்கப் போனேன். மெதுவான ஒரு பாலட். பியானோ ஓய்ந்து, பேஸ் தன் தனி வாசிப்பைத் தொடங்கியது. அடுத்த மேசையில் இருவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி, அரங்கு முழுவதும் கேட்கும்படி, "பேசாதீர்கள்" என்று அதட்டிவிட்டேன். மறுகணம் மூச்சுவிடும் ஓசைகூட இல்லை. பேஸ் வாசித்தவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, நன்றியும் இல்லை. விரித்துக்கொண்டிருந்த இசைத்தொடரைப் பாதியில் இறக்கிவைத்துவிட்டுத் தனியை முடித்துக்கொண்டார்.

இப்போது வான்கார்டு பதிவைக் கேட்கும்போதெல்லாம், அந்தச் சிரிப்பையும் கோப்பை ஓசையையும் லஃபாரோவும் கேட்டுக்கொண்டேதான் வாசித்தார், ஒருவேளை அவற்றின் மேல் சாய்ந்துகொண்டுதான் அப்படி வாசித்தார் என்ற எண்ணம் வருகிறது. அன்று அந்த அரங்கிலிருந்து எதைப் பறித்தேன் என்பதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தாழ்ஸ்தாயி:

உங்கள் வருத்தம் புரிகிறது. முடிவை ஏற்க முடியவில்லை. நான் பேஸ் வாசிப்பவன், மேடையில் நின்றவன். ஒருமுறை என் தனியின்போது முன்வரிசையில் நடந்த உரையாடல் முழுவதும் எனக்குக் கேட்டது. யாருக்கோ வேலை போன செய்தி அது. எனக்கு அந்தச் செய்திதான் நினைவிருக்கிறது, என்ன வாசித்தேன் என்பது நினைவில்லை. ஆகவே அதட்டியது தவறென்று நினைக்க வேண்டாம்.

பேஸைக் கேட்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டபுள் பேஸின் கடைசித் தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்வது. சிறிய ஒலிபெருக்கிகளும் பல ஹெட்ஃபோன்களும் அந்த அடிநாதத்தை முழுமையாகத் தருவதில்லை. மேலே எழும் துணைநாதங்களைக் கொண்டு நம் காதே அதை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. எனவே ஒலிப்பதிவில் பழகிய காதோடு அரங்குக்கு வருபவர், உடம்பில் வந்து மோதும் ஒலியை முதலில் குழப்பமாகவே உணர்வார். சுவரின் மூலையை ஒட்டி அமராதீர்கள். அங்கே தாழ்ந்த சுரங்கள் திரண்டு வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பேஸ் வாசிப்பவரின் வலக்கை விரல்கள் கண்ணில் படும் இடமாகப் பாருங்கள், ஏனென்றால் சுரம் தொடங்கும் கணத்தைக் கண்ணும் சேர்ந்து பிடித்தால் காது தெளிந்துவிடும். முதல் கோரஸ், அதாவது பாடலின் வடிவம் ஒருமுறை முழுதாக வரும் சுற்று, முடியும்வரை பேஸையும் டிரம்ஸில் தாளத்தை நடத்தும் உலோகத் தட்டான ரைடு சிம்பலையும் மட்டும் கேளுங்கள். இரண்டும் ஒரே கணத்தில் விழுகின்றனவா, பேஸ் மயிரிழை முந்துகிறதா என்று கவனியுங்கள். குழுவின் நடை அந்த மயிரிழையில்தான் இருக்கிறது. சாக்ஸஃபோனை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அதை யாரும் தவறவிடப் போவதில்லை.

குரல்வழி:

ஊசிமுனையின் பக்கம் நிற்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1960இல் பெர்லினில் 'மேக் தி நைஃப்' பாடும்போது, எல்லா ஃபிட்ஜெரால்டு என்ற ஜாஸ் பாடகி வரிகளை மறந்ததும், அந்த இடத்திலேயே சொற்களை இட்டுக்கட்டியதும், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குரலைப் பிடித்துக்கொண்டு கரையேறியதும் நமக்குத் தெரியும். நான் கேட்கப் போன ஒரு கச்சேரியிலும் ஓர் இளம் பாடகி வரியை மறந்து, ஒரு சுற்று தயங்கினார். முன்வரிசையில் இருந்த நான் அடியெடுத்துக் கொடுத்தேன். அவர் புன்னகையோடு வாங்கிக்கொண்டார். அதன்பின் அன்றிரவு முழுவதும் எழுதியதை எழுதியபடியே பாடினார். ஓர் அசைகூட விலகவில்லை. அவர் எங்கோ போகவிருந்த பாதையின் குறுக்கே நான் கையை நீட்டிவிட்டேன்.

பழைய தட்டு:

என் மனத்தை அரிப்பது கச்சேரி அல்ல, ஓர் இசைத்தட்டு. 1980களின் இறுதியில், மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டின் முதல் பக்கத்தோடு சேர்ந்து பியானோ வாசித்துப் பழகத் தொடங்கினேன். எப்படி வாசித்தாலும் ஒட்டவில்லை. டி மைனரில் விரலை வைத்தால் தட்டு சற்று மேலே நின்றது, அதற்கு அடுத்த அரைச்சுரத்துக்குப் போனால் நான் மேலே நின்றேன். பியானோவின் சுருதி இறங்கிவிட்டது என்று முடிவுகட்டி, சுருதி சேர்ப்பவரை வரவழைத்தேன். அவர் சேர்த்துவிட்டுப் போனார், மீண்டும் ஒட்டவில்லை. இரண்டாம் முறை வரவழைத்து, அவர் வேலையில் குறை இருப்பதாகவே பேசினேன். வயதான மனிதர். சுருதி பார்க்கும் கவைக்கோலைத் தட்டிக் காதருகே பிடித்தார், பியானோவில் ஒரு சுரத்தை அழுத்தினார், பிறகு தட்டைப் போடச் சொல்லி இரண்டு நிமிடம் நின்றுகொண்டே கேட்டார். "உங்கள் பியானோ சரியாக இருக்கிறது. ஏறியிருப்பது தட்டு" என்றார். மைல்ஸ் டேவிஸும் கோல்ட்ரேனும் பில் எவன்ஸும் வாசித்த தட்டா சுருதி தப்பியிருக்கும் என்று நான் சிரித்தேன். அவர் கருவிப்பையை மூடிக்கொண்டு, கூலி வாங்காமல் போய்விட்டார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. 1959 மார்ச் 2 அன்று கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் ஓடிய முதன்மை நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருந்தது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டாக்கியபோது, அன்று பதிவான மூன்று பாடல்களும், அதாவது முதல் பக்கம் முழுவதும், வேகமும் சுருதியும் ஏறி வெளிவந்தன. ஏப்ரல் 22 அன்று பதிவான இரண்டாம் பக்கத்தில் அந்தக் கோளாறு இல்லை. காப்புக்காக ஓட்டிய இன்னோர் இயந்திரம் சரியான வேகத்தில் ஓடியிருந்ததால், அந்த நாடாவைக் கொண்டு 1992இல் திருத்திய பதிப்பு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எத்தனையோ பேர் கேட்டிருந்த தட்டின் பிழையை ஒரு கவைக்கோலோடு இரண்டு நிமிடத்தில் பிடித்தவரை நான் அவமதித்து அனுப்பினேன். திருத்திய பதிப்பு கைக்கு வந்தபோது அவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. சரியான சுருதியில் அந்த முதல் பக்கத்தைக் கேட்கும்போது, பியானோவருகே தலை சாய்த்து நின்ற அவர் உருவம்தான் எனக்கு முதலில் வருகிறது.

கடைசி வரிசை:

பழைய தட்டு சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு ஊசிமுனையிடம் வாதிட விரும்புகிறேன். பதிவில் கேட்கும் சிரிப்பையும் கோப்பையையும் வைத்து வாசித்தவரின் மனத்தை அளக்கலாம் என்கிறீர்கள். 1956 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டியூக் எலிங்டனின் பெரிய ஜாஸ் குழு வாசித்ததைக் கொண்டு வெளிவந்த தட்டை நான் என் இளமை முழுவதும் கேட்டேன். அந்த விழாவுக்காக எழுதிய, பல பகுதிகள் கொண்ட இசைத்தொகுப்பின் முடிவில் எழும் கைதட்டலில் எனக்கு மயிர்க்கூச்செறியும். நானே அந்தக் கூட்டத்தில் நிற்பதாக உணர்வேன். அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி சில நாட்களுக்குள் ஸ்டூடியோவில் மறுபடி வாசிக்கப்பட்டது, கைதட்டல் பிறகு சேர்க்கப்பட்டது என்று பின்னால் தெரியவந்த அன்று, தட்டை உறையில் போட்டவன் நெடுநாள் வெளியே எடுக்கவில்லை.

ஆனால் அந்தக் குழுவின் சாக்ஸஃபோன் கலைஞர் பால் கொன்சால்வஸ் அதே விழாவில் தனியாக வாசித்த 27 கோரஸ்கள் அரங்கில் நிகழ்ந்தவை, அந்த ஆரவாரமும் நிகழ்ந்தது. அவர் கொலம்பியாவின் மைக்கை விட்டு, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில் வாசித்துவிட்டதால், தட்டில் அவர் எங்கோ தொலைவில் நின்றார். இரு நாடாக்களையும் இணைத்து 1999இல் வெளியிட்ட பதிப்பில்தான் அவர் நம் முன்னே வந்து நிற்கிறார். ஆகவே ஒலிப்பதிவில் பக்கத்தில் கேட்பது பக்கத்தில் நடந்ததாகவோ, தொலைவில் கேட்பது தொலைவில் நடந்ததாகவோ கொள்ள முடியாது. வான்கார்டில் அந்தச் சிரிப்பு மைக்குக்கு அருகில் இருந்தது. லஃபாரோவின் காதுக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதை நாடா சொல்லாது.

தாழ்ஸ்தாயி:

கடைசி வரிசை சொல்வது சரி. நானும் ஊசிமுனையிடம் ஒன்று கேட்கிறேன். பேஸ் வாசித்தவர் உங்களால்தான் முடித்துக்கொண்டார் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருக்கலாம். நல்ல தனிகள் குறுகியவையாகவும் இருக்கும்.

ஊசிமுனை:

லஃபாரோவைப் பற்றி நான் அளவுக்கு மீறி ஊகித்திருக்கலாம்; கடைசி வரிசையின் வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் தாழ்ஸ்தாயி, நான் கேட்டது 32 பார், அதாவது 32 தாளக்கட்டங்கள், கொண்ட பாடல். அவர் நிறுத்தியது பதினாறாவது பாரில், மெட்டு மாறும் நடுப்பகுதியான பிரிட்ஜுக்குள் நுழைய வேண்டிய இடத்தில். அப்போது டிரம்ஸ் வாசித்தவரின் பிரஷ்கள் தோலின் மேல் அசையாமல் கிடந்தன. பியானோ வாசித்தவர் கைகளை மடியில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். பேஸ் ஓய்ந்ததை அறிந்து அவர் விரல்கள் கட்டைக்கு வந்தபோது பிரிட்ஜின் முதல் பார் கடந்துவிட்டிருந்தது. அந்த ஒரு பார் முழுவதும் மேடையில் யாருமே வாசிக்கவில்லை.